விடுப்புக்குப் பொங்கிய பாண்

கப்பல் வராமல் போன அந்த வருசத்தில், அரிசி முதலில் விலையேறிப் பிறகு அடியோடு காணாமல் போய், மண்ணெண்ணெய் இல்லாததால் எஞ்சின் வள்ளங்களெல்லாம் கரையில் குப்புறக் கிடக்க, பனைகளிலே கள்ளு வற்றிப்போக, பேக்கரிக்காரன் கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட, சங்கக்கடையில் வண்டு ஓடுகிற பழைய கோதுமை மாவை மட்டும் வீட்டுக்கு இத்தனை சுண்டு என்று அளந்து கொடுத்த அந்த வருசத்தில், சிப்பிக்கடவை என்ற கடற்கரை ஊரில் அனத்தாசி என்ற தையல்காரி தன்னுடைய குசினியில் பாண் சுடத் தொடங்கினாள்.

அனத்தாசி நாற்பதைத் தாண்டியவள், கலியாணம் கட்டாதவள், தனியாள். கோவிலில் முதன்முதல் நற்கருணை வாங்கி முதல்நன்மை எடுக்கிற பிள்ளைகளுக்கு வெள்ளை உடுப்புத் தைப்பதில் அவளை மிஞ்ச அந்தக் கரையில் ஆளில்லை. தைக்கிறபோது உதடுகளுக்கு நடுவில் குண்டூசிகளைக் கவ்வி வைத்திருக்கும் பழக்கம் தைக்காத நேரத்திலும் அவளோடு ஒட்டிக்கொண்டதால், அவள் பேசுவது அருமை. யாராவது எதையாவது கேட்டால் தலையை ஆட்டுவாள். இன்னும் கேட்டால் புருவத்தை உயர்த்துவாள். அதற்கு மேலும் கேட்டால்தான் ஊசிகளை ஒவ்வொன்றாய் எடுத்து மேசையில் வைத்துவிட்டு "ஓம்" என்பாள்.

பாண் சுடும் யோசனை அவளுக்குப் பக்கத்து வீட்டு றீற்றாவின் பிள்ளைகளால் வந்தது. அந்தப் பிள்ளைகள் ஐந்தும் வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டி, அவள் ரொட்டி தட்டுவதையும் அது கல்லில் விழுவதையும் அதை அவள் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோவதையும் பூசை காண்பதுபோல் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றன. ஒரு சுண்டு மாவில் ரொட்டி சுட்டால் ஒருத்திக்குத்தான் காணும். அதே மாவைப் பொங்கவைத்துப் பாணாய்ச் சுட்டால் கொஞ்சம் காற்றும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும், வேலிக்கு அந்தப் பக்கமும் ஒவ்வொரு துண்டு நீளும் என்று அவள் மனதுக்குள் நினைத்தாள். ஆனால் பொங்கவைப்பது எதைக்கொண்டு? ஈஸ்ட் கப்பலில் வருவது. கள்ளு பனையிலிருந்து வருவது. இரண்டும் இல்லை. தேசிக்காய்ப் புளி விட்டுப் பார்த்தாள், புளித்த மோர் தேடிப் பார்த்தாள், சட்டியை வெயிலில் வைத்தாள், போர்வையால் போர்த்தாள். குழைத்த மா கோவில் படிக்கல்லைப்போல அசையாமல் கிடந்தது.

அப்படிக் கிடந்த ஒரு காலையில் றீற்றா கையில் சிரட்டையோடு தணல் இரவல் கேட்டு வந்தாள். றீற்றா எங்கே எதற்காகப் போனாலும் ஒரு விடுப்பும் கொண்டுபோவாள். அந்த ஊரில் விடுப்பு என்றால் அடுத்த வீட்டுக் கதை. அதைச் சொல்லாமல் தணல் வாங்குவது மரியாதை இல்லை என்பது அவளுடைய எண்ணம்.

"அக்கா, கேள்விப்பட்டனீங்களே? எங்கடை விதானையாரின்ரை மீசை உண்மையிலை கறுப்பில்லையாம். சிரட்டைக் கரியை நல்லெண்ணெயிலை குழைச்சுப் பூசிறாராம். முந்தநாள் மழைக்குள்ளை குடையில்லாமல் வந்து, கறுப்பு வழிஞ்சு, வெள்ளைச் சேட்டு முழுக்க..."

மாச்சட்டியை மூடியிருந்த துணி மெல்ல எழுந்தது. நித்திரையிலிருந்து ஒரு ஆள் எழும்பி இருப்பதுபோல, பெருமூச்சு ஒன்று விட்டுக்கொண்டு, குழைத்த மா துணியைத் தலையில் சுமந்தபடி சட்டி விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தது.

"அட, பொங்குது," என்றாள் றீற்றா. கதை பாதியில் நின்றதால் மீதியையும் சொன்னாள். ஊர் அதிகாரியான விதானையாரின் மனைவி அந்தச் சேட்டைக் கல்லில் அடித்துத் துவைத்தபோது என்ன சொல்லி அடித்தாள் என்பது வந்ததும் மா சட்டியைத் தாண்டி மேசையில் வழிந்தது. அனத்தாசி வாயிலிருந்த ஊசிகளை எடுத்து வைத்துவிட்டு, கிடாரத்தை அடுப்பில் ஏற்றி, மாவை அதற்குள் இறக்கி, மூடியின்மேல் தணலைக் கொட்டினாள். அன்று பின்னேரம் வேலிப் பொட்டுக்குள்ளால் ஐந்து துண்டுகள் போயின. அவளுக்கும் ஒன்று மிஞ்சியது. மென்மையான பாண். ஓரம் மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது, மீசையைப்போல.

மற்ற நாள்களில் அவள் பலதையும் வைத்துப் பார்த்தாள். மாவுக்கு முன்னால் செபமாலை சொன்னாள். மா அமைதியாய் அமுங்கி, நித்திரைக்குப் போய்விட்டது. பழைய பத்திரிகையை எடுத்து உலகச் செய்தி வாசித்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை. நேற்றைய விடுப்பையே றீற்றாவைத் திரும்பச் சொல்லச் சொன்னபோது, நன்றாய்த் தெரிந்த கதையைக் கேட்கிற ஆளைப்போல அது அந்தப் பக்கம் சரிந்துகொண்டது. புது விடுப்புக்குத்தான் பொங்கும் என்று தெளிவானதும், றீற்றா தனக்குக் கடைசியில் ஒரு தொழில் கிடைத்த நிம்மதியோடு ஊரெல்லாம் போய்ச் சொன்னாள்.

சிப்பிக்கடவையில் ஒருவரும் இதை அதிசயமாய் எடுத்துக்கொள்ளவில்லை. பசித்த ஊருக்கு அதிசயப்பட நேரம் ஏது? சனங்கள் தங்கள் மாவையும் தங்கள் விடுப்பையும் கொண்டு அனத்தாசியின் முற்றத்தில் வரிசையில் நின்றார்கள். கடலுக்குப் போகாத ஆம்பிளைகள் புற்றுமண் வெட்டி, உடைந்த மதில் செங்கல் பொறுக்கி, அவளுடைய பின்வளவில் ஒரு போறணை கட்டிக் கொடுத்தார்கள். நாற்பது ஐம்பது பாண் ஒரே சூட்டில் வேகக்கூடிய பெரிய போறணை. காலையில் ஒவ்வொருவராய்க் குசினிக்குள் வந்து, மாத்தொட்டியின் மேல் குனிந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு, தாங்கள் கண்டதையும் கேட்டதையும் அதன் காதில் போட்டுவிட்டுப் போனார்கள். மாவுக்குக் காது எந்தப் பக்கம் என்று ஒரு சின்ன வாக்குவாதம் வந்தது. பிறகு எல்லாப் பக்கமும் காதுதான் என்று ஒத்துக்கொண்டார்கள்.

கொஞ்சக் காலத்துக்குள் ஊரார் பாணைப் பார்த்தே கதையைச் சொல்லப் பழகிவிட்டார்கள். காணிச் சண்டைக் கதைக்குப் பொங்கிய பாண் நீளமாய், முடிவே இல்லாமல் வரும். மாமி மருமகள் கதை என்றால் மேல்தோல் வெடிக்கும். காதல் கதைக்குப் பஞ்சுபோல் இருக்கும், ஆனால் மறுநாள் காய்ந்துவிடும். கதை யாருடையதோ அவருக்கே முதல் துண்டு என்று ஒரு முறையும் ஏற்பட்டது. அதனால் ஒருவரும் பெரிதாய்க் கோபித்துக்கொள்ளவில்லை. விதானையார் முதல் துண்டைச் சாப்பிட்டுவிட்டு அன்றோடு கரி பூசுவதை விட்டார், நரைத்த மீசையோடு வரிசையில் நின்றார், அவருக்குப் பின்னால் நின்றவர்கள் மீசை நன்றாய்த்தான் இருக்கிறது என்று உண்மையாகவே சொன்னார்கள்.

பொய்க்கும் பாண் பொங்கியது. ஒரு முறை ஒருத்தி, சங்கக்கடை மனேச்சரின் மனைவி கோழியோடு பேசுகிறாள், கோழியும் திருப்பிப் பேசுகிறது என்று துணிந்து சொன்னாள். பாண் மாட்டுத் தலை அளவுக்கு வீங்கிப் பொன்னிறமாய் வெளியே வந்தது. ஊர் கைதட்டியது. அனத்தாசி கத்தியை வைத்ததும் 'புஸ்' என்று சூடான காற்றுப் போய், உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கோது மிஞ்சியது. சொன்னவள் தலையைக் குனிந்துகொண்டு கோதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அதற்குப் பிறகு சிப்பிக்கடவையில் உண்மை பேசுவோர் தொகை கூடியது.

ஒருநாள் பங்குச் சுவாமியார் போறணையை ஆசீர்வதிக்க வந்தார். நல்ல மனிதர், கொஞ்சம் பருமனானவர், இருபது வருசமாய் அந்த ஊரின் பாவசங்கீர்த்தனம் முழுவதையும் கேட்டுக் கேட்டு நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தவர். அவர் வாயைத் திறக்கவில்லை. தீர்த்தத்தைத் தெளிக்கக் கையைத்தான் உயர்த்தினார். தொட்டியிலிருந்த மா நடுங்கி, அவர் பக்கமாய் எம்பி, தொட்டி விளிம்பால் வழிந்து, அவருடைய அங்கியின் ஓரத்தைப் பிடித்து இழுக்கப் பார்த்தது. சுவாமியார் வெளிறிப்போய், "இல்லை, இல்லை, அது ஏலாது," என்று மாவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே பின்னுக்கு நடந்தார். அன்றுமுதல் அவர் அந்த ஒழுங்கையால் வருவதில்லை, கடற்கரையைச் சுற்றிக்கொண்டு போனார், தன்னுடைய பாணைக் கோவில் வாசலுக்கு அனுப்பச் சொன்னார்.

இப்படியே போயிருந்தால் நன்றாய்த்தான் இருந்திருக்கும். ஆனால் கப்பல் வரவில்லை, விடுப்பும் தீரத் தொடங்கியது. சின்ன ஊர் எத்தனை கதைக்குத் தாங்கும்? இருந்த களவெல்லாம் வெளியே வந்து, வந்ததெல்லாம் வெந்து, வெந்ததெல்லாம் தின்று முடிந்தது. கணவனுக்குத் தெரியாத மனைவியும் மனைவிக்குத் தெரியாத கணவனும் ஊரில் இல்லை என்றாயிற்று. பாண் நாளுக்கு நாள் சிறுத்து உள்ளங்கைக்குள் அடங்கியது. றீற்றாவின் பிள்ளைகள் மறுபடி வேலிப் பொட்டுக்குள் தலையை வைத்துக்கொண்டு நின்றன.

விதானையார் கோவில் முற்றத்தில் ஊரைக் கூட்டினார்.

"கதையில்லாத ஆளெண்டு ஒருத்தருமே இல்லையோ? வடிவா யோசிச்சுப் பாருங்கோ," என்றார்.

ஊர் யோசித்தது. கனநேரம் யோசித்துவிட்டு இரண்டு பெயரைச் சொன்னது. ஒன்று அனத்தாசி. மற்றது வஸ்தியாம்பிள்ளை.

வஸ்தியாம்பிள்ளை வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவர். நாற்பத்தைந்து வயதுக்குள் அவரைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை, அவரும் யாரைப் பற்றியும் எதுவும் சொன்னதில்லை. பெண்கள் எதிரே வந்தால் கீழே குனிந்து செருப்பைத் திருத்துவார். செருப்புப் போடாத நாளிலும் குனிவார். எண்ணெய் இல்லாததால் எஞ்சின்கள் ஓடாமல், ஓடாததால் பழுதாகாமல், பழுதாகாததால் அவருக்கு வேலை இல்லாமல், கழற்றிய எஞ்சின்களையே துடைத்துத் துடைத்து மீண்டும் பூட்டிக்கொண்டிருந்தார்.

"இவை ரெண்டுபேரையும் சேர்த்துக் கதை கட்டுவம்," என்றார் விதானையார். "பொய்தான். கோதுதான் வரும். கோதெண்டாலும் தேத்தண்ணியிலை தோய்ச்சுத் தின்னலாம். இதுவரை ஒரு கதையும் இல்லாத ஆக்கள் எண்டபடியால் கோது பெரிசாய் வரும். ரெண்டுபேரும் பின்னேரத்திலை கரையாலை ஒருக்கா நடந்து காட்டினால் காணும். மிச்சத்தை நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."

வஸ்தியாம்பிள்ளை செருப்பைத் திருத்தக் குனிந்தவர் கூட்டம் முடியும்வரை நிமிரவில்லை. அனத்தாசி வேலிப் பக்கம் நின்ற பிள்ளைகளை நினைத்தாள், புருவத்தை உயர்த்தினாள், பிறகு தலையை ஆட்டினாள்.

முதல்நாள் அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகலாம். அவள் ஊர்ப்பக்கமாயும் அவர் அலைப்பக்கமாயும் நடக்க, ஊர் முழுவதும் மணலில் இருந்து பார்த்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் றீற்றா மாத்தொட்டியில் குனிந்து, "ரெண்டுபேரும் கண்ணாலை கதைச்சவையாம்," என்றாள். பெரிய கோதாய் ஒன்று வந்தது. ஊர் அதை உடைத்துத் தோய்த்துத் தின்றது. மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் வஸ்தியாம்பிள்ளை கடலைப் பார்த்துக்கொண்டு திடீரென்று சொன்னார்:

"ஒரு எஞ்சின் பழுதாகப் போகுதெண்டால் முதல் நாளே அதின்ரை சத்தத்திலை தெரியும்."

அனத்தாசி நின்றாள். ஊசிகளை ஒவ்வொன்றாய் எடுத்துச் சட்டையில் குத்தினாள். "எப்பிடிச் சத்தம்?" என்று கேட்டாள்.

அவர் செய்து காட்டினார். நாற்பத்தைந்து வயது ஆம்பிளை, ஊர் பார்த்துக்கொண்டிருக்க, அலைக்கரையில் நின்று, நல்ல எஞ்சின் எப்படிப் பாடும், தண்ணீர் புகுந்த எஞ்சின் எப்படி இருமும், கோபித்துக்கொண்ட எஞ்சின் எப்படி விக்கும் என்று ஒவ்வொன்றாய் வாயால் செய்து காட்டினார். அனத்தாசிக்குச் சிரிப்பு வந்தது. அது அவளுக்கே புதுச் சத்தமாய் இருந்ததால் யார் சிரிக்கிறது என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அவள் கரைக்குப் போகும்போது ஊசிகளை வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்குள் இத்தனை பேச்சு இருந்தது அவளுக்கே தெரியாது. உடுப்பளவு எடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிற பெண்களைப் பற்றிச் சொன்னாள், கழுத்தில்லாத பிள்ளைகளுக்குக் கழுத்துப்பட்டி வைப்பதைப் பற்றிச் சொன்னாள், தனிச்சாப்பாட்டில் கறியை எப்போதும் ஒரு பிடி கூடுதலாய் வைத்துவிடும் தன் கையைப் பற்றிச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் ஒரு எஞ்சினைக் கேட்பதுபோல் காதைச் சரித்துக் கேட்டார். நடுவில் போகக்கூடியது மாட்டுவண்டியிலிருந்து சைக்கிளாகி, சைக்கிளிலிருந்து ஆட்டுக்குட்டியாகி, பிறகு ஒன்றும் போக இடமில்லாமல் ஆயிற்று.

அவளுடைய தையல் மெசின் ஓடாமல் நின்றபோது அவர் வந்து திருத்தினார். மறுநாளும் நின்றது, மறுநாளும் வந்தார். அடுத்த நாள் மெசினை விட்டுவிட்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். அந்த ஸ்குறூவை ஒவ்வொரு நாளும் போகேக்கை நான்தான் தளர்த்திப்போட்டுப் போறனான்."

"தெரியும்," என்றாள் அனத்தாசி. "நீங்கள் போன பிறகு நான் அதை இறுக்கித் தைப்பன். நீங்கள் வாற நேரத்துக்குத் திரும்பவும் தளர்த்தி வைப்பன்."

அன்று பின்னேரம் றீற்றா வழக்கம்போல் தொட்டியில் குனிந்தாள். நடையைப் பார்த்துப் பார்த்து ஊருக்கும் அலுத்துப்போயிருந்தது, அவளுக்கும் பொய் வற்றிப்போயிருந்தது. "ரெண்டுபேருக்கும் ஆளை ஆள் பிடிச்சுப்போச்சாம்," என்று கொட்டாவி விட்டுக்கொண்டு சொன்னாள். மா பொங்கியது. பாண் வெந்து வெளியே வந்தது. கோதை வாங்கத் தேத்தண்ணிக் கோப்பைகளோடு ஊர் முற்றத்தில் நின்றது. அனத்தாசி கத்தியை வைத்தாள். காற்றுப் போகவில்லை. அவள் அழுத்தினாள், கத்தி மெதுவாய், பஞ்சுக்குள் இறங்குவதுபோல் இறங்கியது. உள்ளே விளிம்பிலிருந்து விளிம்புவரை வெள்ளைவெளேரென்ற பாண், ஆவி பறந்துகொண்டு.

முற்றத்தில் இருந்த அத்தனை முகமும் பாணைப் பார்த்துவிட்டு அனத்தாசியைப் பார்த்தன. பிறகு திரும்பி, வேலியோரம் செருப்பைத் திருத்தக் குனிந்திருந்த வஸ்தியாம்பிள்ளையைப் பார்த்தன.

"அக்கா!" என்றாள் றீற்றா. "அப்ப நான் பொய் சொல்லேல்லையோ?"

அனத்தாசி சட்டையில் ஊசி தேடினாள். ஒன்றுகூட இருக்கவில்லை.

ஊருக்கு அது பெருநாள். அவர்கள் இருவரும் பேசியது, சிரித்தது, ஒரே ஓலைக்குடைக்குள் நனைந்தது எல்லாமே முழுப் பாணாய் வந்தன. பிள்ளைகளின் கன்னம் திரும்பவும் உருண்டது. நாய்களுக்குக்கூட ஓரத்துண்டு கிடைத்தது. ஆனால் வஸ்தியாம்பிள்ளை கோவிலுக்குப் போய்க் பூசையில் ஊருக்கு அறிவிக்கிற கலியாண ஓலையை வாசிக்கச் சொல்லிக் கேட்டதாகத் தெரிந்த அன்றே விதானையார் சால்வையைச் சரிசெய்துகொண்டு அனத்தாசி வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பிள்ளை, சந்தோசமான விசயம்தான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் கட்டினாப் பிறகு உங்களைப் பற்றி என்ன கதை இருக்கு? அவர் கறியிலை புளி கூடவெண்டுவார், நீங்கள் நாளைக்குக் குறைக்கிறன் எண்டுவியள். அதுக்கு ஒரு விரல்கடைகூடப் பொங்காது. கப்பல் வருமட்டும் இப்பிடியே இருங்கோவன். ஊருக்காண்டி."

"கப்பல் வராட்டி?"

"வரும் பிள்ளை. எப்பவோ ஒருநாள் வரத்தானே வேணும்."

"எனக்கு இப்பவே நாற்பத்தொண்டு, ஐயா."

விதானையார் சால்வையை இன்னொருமுறை சரிசெய்தார். சுவாமியாரும் ஓலை வாசிக்கவில்லை. ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்கும் இடம் வந்ததும் தும்மினார், மூக்குத் துடைத்தார், அடுத்த இடத்துக்குப் போய்விட்டார். அவரும் பாண் தின்கிறவர்தான்.

அனத்தாசிக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஊரைத் திட்டலாமென்றால் வேலிப் பொட்டில் ஐந்து தலைகள். திட்டாமல் இருக்கலாமென்றால் அவளுடைய இரண்டாவது தலையணை சும்மா கிடந்தது. இதற்குள் பாணும் சிறுக்கத் தொடங்கியது. ஊர் முழுவதும் ஒத்துக்கொண்டு, சபை கூடி அனுமதி கொடுத்து, வழியில் கண்டால் 'நல்லாயிருங்கோ' என்று வாழ்த்துகிற காதலில் விடுப்பு எங்கேயிருந்து வரும்? மா ஒரு பக்கமாய்ச் சரிந்து படுத்தது.

அதை முதலில் கண்டவள் அனத்தாசி. கரையில் நடக்கும்போது வஸ்தியாம்பிள்ளையிடம் மெல்லச் சொன்னாள்:

"நாங்கள் ஓடவேணும்."

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். "ஆர் கலைக்கிறாங்கள்?"

"ஒருத்தரும் கலைக்கேல்லை. சொல்லாமல் ஓடவேணும். ஊரிலை ஒருத்தருக்கும் தெரியாமல். அவைக்கு உண்மையாவே கோபம் வரவேணும்."

"எஞ்சினுக்கு எண்ணெய் இல்லையே."

"பாய் இருக்கல்லோ?"

"பாய் கிழிஞ்சு கனகாலம்."

அனத்தாசி அவரைப் பார்த்தாள். "நான் என்ன வேலை செய்யிறனான்?" என்று கேட்டாள்.

அந்த வருசம் முதல்நன்மை உடுப்புக்கு ஒருவரும் கேட்டு வரவில்லை. வெள்ளைத் துணி சும்மா இருந்தது. அவள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே அந்தத் துணியையெல்லாம் பொருத்திப் பாய் தைத்தாள். தையல்காரி துணி தைப்பதில் என்ன இருக்கிறதென்று ஊர் திரும்பியும் பார்க்கவில்லை. றீற்றா அதன் ஓரத்தில் இருந்துகொண்டு வேறு எதைப்பற்றியோ கதைத்தாள். ஓரத்துக்குப் பூப்பின்னல் வைக்காமல் விட அனத்தாசிக்கு மனம் வரவில்லை, அதையும் வைத்தாள்.

குறித்த நாளில் அவள் விடியவே மா குழைத்துத் தொட்டியில் வைத்து மூடினாள். மத்தியானம், இருந்த சின்னப் பாணைத் தின்றுவிட்டு ஊர் களைத்துப் படுத்திருக்கிற நேரத்தில், குறட்டைச் சத்தங்களுக்கு நடுவால் நடந்து போய் வள்ளத்தில் ஏறினாள். பாய் விரிந்தது. கடலின்மேல் ஒரு பிரமாண்டமான முதல்நன்மைப் பிள்ளை போவதுபோல அவர்கள் அக்கரைக்குப் போனார்கள்.

அக்கரைச் சுவாமியார் காது மந்தமான கிழவர். ஓலை வாசித்தாயிற்றா என்று கேட்டார்; வஸ்தியாம்பிள்ளை வெட்கத்தில் முணுமுணுத்த நீண்ட விளக்கத்தை அவர் ஓம் என்று எடுத்துக்கொண்டு கலியாணத்தை எழுதிவிட்டார். வஸ்தியாம்பிள்ளையின் சின்னம்மா வீட்டில் தங்கினார்கள். அங்கேயும் மாதான், அங்கேயும் ரொட்டிதான். அனத்தாசிக்கு அது தேனாய்த்தான் இருந்தது, ஆனால் ஒவ்வொரு துண்டைப் பிய்க்கும்போதும் ஐந்து தலைகள் கண்ணுக்குள் வந்தன. "அந்த மா பொங்கியிருக்குமோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். காற்று மாறிய முதல்நாளே திரும்பினார்கள்.

ஊர் கண்ணில் படுவதற்கு முன்பே பனை வட்டுகளுக்கு மேலால் ஏதோ ஒன்று, பழுப்பும் பொன்னுமாய், மலைபோல் வளைந்து தெரிந்தது.

"கப்பல் வந்திட்டுது போலை," என்றார் வஸ்தியாம்பிள்ளை.

அனத்தாசி மூக்கை உயர்த்திக் காற்றை இழுத்தாள். "பாண்," என்றாள்.

நடந்தது இதுதான். பின்னேரம் எழும்பிய ஊர், வள்ளத்தைக் காணாமல், ஆளைக் காணாமல், இரண்டையும் கூட்டிப் பார்த்ததும் ஓவென்று கத்திக்கொண்டு அவளுடைய குசினிக்குள் புகுந்தது. கட்டாதே என்று சொல்லாமல் சொன்ன ஊரை ஏமாற்றி, குமர்ப்பிள்ளைபோல ஓடிவிட்டாளே என்று விதானையார் மாத்தொட்டிக்கு முன்னால் நின்று உண்மையாகவே அழுதார். அடுத்திருந்த எனக்குக்கூட ஒரு சொல்லுச் சொல்லவில்லையே என்று றீற்றா நெஞ்சில் அடித்தாள். மா தொட்டியை நிரப்பி, குசினியை நிரப்பி, அறைக்குள் எட்டிப் பார்த்து, கூரையைத் தொப்பிபோல் தூக்கிக்கொண்டு வானத்துக்குப் போனது. இதைச் சுட எந்தப் போறணை காணும்? ஊர் காவோலை அள்ளி வந்து வீட்டைச் சுற்றி அடுக்கி, அனத்தாசியின் வீட்டையே போறணையாக்கி, நாலு பக்கமும் நெருப்பு வைத்து வேகவைத்தது.

இப்போது நாலு பக்கமும் ஏணி. ஏணிகளில் சிப்பிக்கடவை முழுவதும். கரை வழியே நடந்து வந்த அயலூர்க்காரரும் கடகங்களோடு நின்றார்கள். றீற்றாவின் பிள்ளைகள் வேலியைப் பார்க்கவே இல்லை; உச்சியில் படுத்திருந்து கூரை ஓடுகளைப் புரட்டிவிட்டுக் கைநிறையப் பிய்த்தார்கள். சுவாமியார் ஒரு ஓரத்தில் கதிரை போட்டு இருந்து, தான் அந்த ஒழுங்கையால் வந்ததே தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வந்திட்டாள், வந்திட்டாள்!" என்று றீற்றா மேலிருந்து கத்தினாள்.

ஊர் வாய் நிறையப் பாணோடு திட்டத் தொடங்கியது. "ஊரைக் கேவலப்படுத்திப்போட்டியே பிள்ளை!" என்றார் விதானையார், மீசை முழுவதும் பாண் தூள். "ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போகக்கூடாதோ?"

"சொல்லியிருந்தால் பொங்கியிருக்காது, ஐயா," என்றாள் அனத்தாசி.

விதானையார் வாயைத் திறந்தார். அதில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டார்.

யாரோ அவளுக்கும் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார்கள். கதை அவளுடையது, முதல் துண்டு அவளுக்குப் போயிருக்க வேண்டும், பிந்திப்போயிற்று என்று வருத்தமும் தெரிவித்தார்கள். ஊர் திட்டுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. அவள் கடித்தாள், மென்றாள், விழுங்கினாள். பிறகு முகத்தைச் சுருக்கினாள்.

"மாதாவே," என்றாள். "அவசரத்திலை உப்புப் போட மறந்துபோனன்."

ஏணிகளில் இருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். றீற்றா இன்னொரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கவனமாய் மென்று பார்த்தாள்.

"அட, ஓம்!" என்றாள். "ஐயோ அக்கா, இவ்வளவு நாளும் தெரியவேயில்லை. உங்களைத் திட்டித் திட்டித் திண்டதிலை எங்களுக்கு எல்லாம் அளவாத்தான் இருந்தது."

வஸ்தியாம்பிள்ளை அந்தப் பாண் மலையைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். அதற்குள் எங்கேயோ இரண்டு தலையணைகளும் ஒரு தையல் மெசினும் கிடந்தன. அவர் செருப்பைத் திருத்தக் குனியவில்லை. மனைவியின் பக்கம் திரும்பி, "நாங்கள் எங்கை படுக்கிறது?" என்று மெல்லக் கேட்டார்.

அனத்தாசி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி, ஏணிகளைப் பார்த்துச் சொன்னாள்:

"உச்சியை விடுங்கோ, பிறகு பாப்பம். எல்லாரும் இறங்கி இந்தப் பக்கத்தாலை தின்னுங்கோ. இருட்டுறதுக்கு முன்னம் எங்களுக்கு ஒரு அறை வேணும்."

ஊர் வாயைத் துடைத்துக்கொண்டு ஏணிகளை நகர்த்தியது.